பதினோராவது கூறு

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகிற பஸ்ஸில் மலைப்பக்கம் உட்கார்ந்தால், தென்னந்தோப்புகளுக்கு நடுவில் எங்கள் கண்மாய் ஒரு தடவை தெரிந்து மறையும். சிலர் அவசரமாக செல்போனை எடுத்துப் படம் பிடிப்பார்கள். மலை, மேகம், தண்ணீர், கொக்கு எல்லாம் படத்தில் விழும். அந்தக் கரையில் பதினோரு வீட்டுப் பிழைப்பு இருப்பது மட்டும் விழாது.

கடல் இல்லாத ஊரில் மீன்பிடித் தொழிலா என்று கேட்பவர்களை நான் கோபித்துக்கொள்வதில்லை. நானே கேட்டவள்தான். தளவாய்புரத்தில் நைட்டி தைத்துக்கொண்டிருந்த என்னைப் பெண் பார்க்க வந்தபோது, மாப்பிள்ளை கண்மாயில் மீன் பிடிக்கிறார் என்றார்கள். "இங்க கடலே இல்லியே?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். அம்மா முழங்கையால் இடித்தாள். அவர் அசரவில்லை. "மீனுக்குத் தண்ணி இருந்தாப் போதும். உப்பு நாம போட்டுக்கிடலாம்" என்றார். அந்த ஒரு பதிலுக்காகத்தான் சரி என்று தலையாட்டினேன். கல்யாணத்துக்குப் பிறகு அவர் சொன்ன பல பதில்களுக்கு ஆட்டியிருக்க மாட்டேன், அது வேறு கதை.

எங்கள் கரையில் மீன் பிரிப்பதற்கு ஒரு முறை உண்டு. வலை இழுத்ததும் கட்லா, ரோகு மாதிரிப் பெருமீனெல்லாம் மீனவர் சங்கத்துக்குப் போய்விடும்; எடை போட்டு வண்டியில் ஏற்றுவார்கள். மிச்ச மீன் பதினோரு வீட்டுக்கும் பொது. அதற்குத் தராசு கிடையாது. தார்ப்பாயை விரித்து வீட்டுக்கு ஒரு கூறாகக் குவித்து வைப்பார்கள். கூறு வைக்கிறவரை நாங்கள் எல்லாரும் அண்ணாச்சி என்போம். அவர் வைத்து முடித்ததும், என் கொழுந்தன், அதாவது வீட்டுக்காரரின் தம்பி, மீனுக்கு முதுகைக் காட்டி மலையைப் பார்த்து நிற்பான். அண்ணாச்சி ஒரு கூறின் மேல் கை வைத்து "இது யாருக்கு?" என்று கேட்பார். அவன் திரும்பிப் பார்க்காமல் ஒரு வீட்டைச் சொல்வான். எதில் விரால் கிடக்கிறது, எதில் வெறும் முள்ளு ஜிலேபிக் கெண்டை என்று அவனுக்குத் தெரியாது. அதனால் யார் மேலும் யாருக்கும் மனத்தாங்கல் வராது. எல்லா வீட்டையும் அந்தந்த வீட்டு ஆம்பளை பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவான். எங்கள் வீட்டுக்கு மட்டும் "அண்ணனுக்கு" என்பான். எல்லா வீடும் சொல்லி முடியும்வரை அவன் திரும்பக் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அண்ணாச்சி கூறு வைக்கும்போது ஆட்களை எண்ண மாட்டார். ஆட்கள் டீக்கடைக்குப் போவார்கள், பீடி பற்றவைக்க ஒதுங்குவார்கள். டியூப் எங்கேயும் போகாது. நாங்கள் தண்ணீரில் மிதந்து போக ஆளுக்கொரு காற்றடைத்த லாரி டியூப் வைத்திருக்கிறோம். வேலை முடிந்ததும் அவற்றைக் கரையில் வரிசையாகக் கிடத்துவோம். அண்ணாச்சி டியூப் வரிசையை ஒரு பார்வை பார்ப்பார். டியூபுக்கு ஒரு கூறு. அவ்வளவுதான் கணக்கு.

இரண்டு வருஷத்துக்கு முந்தி ஒரு ஐப்பசியில் என் வீட்டுக்காரர் கரையில் டிவிஎஸ் வண்டியோடு விழுந்தார். மேற்கே புதிதாகப் போட்ட பிளாட்டுகளின் சாக்கடையைக் கண்மாய்க்குள் விட யாரோ கரையைக் குறுக்கே வெட்டிக் குழாய் பதித்துவிட்டு, மண்ணை ஒழுங்காக மூடாமல் போயிருந்தார்கள். மழையில் அந்த இடம் உள்வாங்கியிருந்தது. கால் முறிந்து பிளேட் வைத்தார்கள். தண்ணீரில் இறங்கினால் புண் ஆறாது, ஆறு மாசத்துக்கு நினைத்தே பார்க்காதே என்றார் டாக்டர். அந்தக் குழாயை எடுக்கச் சொல்லி மனுக் கொடுத்தோம். இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அந்தச் சாக்கடை இன்னொரு வேலையும் செய்தது. சோப்புத் தண்ணீர் குடித்து ஆகாயத்தாமரை கொழுத்துப்போய்ப் பாதிக் கண்மாயை மூடிவிட்டது. மீன்குஞ்சு விடுவதற்கு முன்னால் அதை அகற்றியாக வேண்டும். வீட்டுக்கு ஒருவர் இறங்க வேண்டும். கண்மாய் வேலைக்கு ஒரு வீடு வராவிட்டால் அந்த வருஷக் கூறு கிடையாது. மறுபடி சேர வேண்டுமானால் மற்ற எல்லா வீடும் சம்மதிக்க வேண்டும். ஒரு காலத்தில் நாங்கள் பன்னிரண்டு வீடாக இருந்தோம். அந்தப் பன்னிரண்டாவது வீட்டுக்காரர் ஒரு வருஷம் மட்டும் என்று ராஜபாளையத்தில் மில்லுக்குப் போனார். இன்றைக்கும் ஷிப்டுக்குத்தான் போகிறார்.

கொழுந்தன் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றான். "மதினி, இந்த வருசம் விட்டுருங்க. அண்ணன் காலு சரியாகட்டும், பொறவு பாத்துக்கிடலாம். நான் எல்லார்ட்டயும் பேசுதேன்" என்றான். எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்தது.

"பன்னெண்டாவது வீட்டுக்கும் இப்படித்தான பேசுனீக?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். நல்லவன்தான். ஆனால் நல்லவர்கள் பேசிப் பார்த்து ஆகாமல் போன காரியங்கள் எங்கள் ஊரில் நிறைய. "வேலைக்கு எங்க வீட்டுலருந்து நான் வாரேன். கூட்டத்துல சொல்லிரு" என்றேன்.

கட்டிலில் படுத்திருந்த வீட்டுக்காரர் சிரித்தார். "ஏட்டி, ஒனக்கு நீச்சல் தெரியுமா?"

"ஒங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியும்லா? தெரிஞ்சு என்ன ஆச்சு?" என்றேன். அதன் பிறகு அவர் சிரிக்கவில்லை. செத்த நேரம் கழித்து, "வால்வு ஓரத்துல லேசாக் காத்து எறங்கும், பாத்துக்க" என்றார். தன் டியூபைச் சொன்னார்.

முதல் நாள் நைட்டிக்கு மேல் அவருடைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு போனேன். அந்த நைட்டி நான் தைத்தது, தையல் விடாது என்ற தைரியம் இருந்தது. ஆண்கள் ஒருவரும் என்னிடம் பேசவில்லை. திட்டவும் இல்லை. கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, "நீங்க கரையில நின்னு கயித்தைப் பிடிங்க" என்றார் அண்ணாச்சி. ஒரு மணி நேரம் பிடித்தேன். கயிறு பிடிக்க என் வீட்டிலிருந்து ஆள் தேவையில்லை, ஒரு மரம் போதும் என்று தோன்றியது. கயிற்றை ஒரு வேலிக்கருவை மரத்தில் கட்டிவிட்டு, டியூபை இடுப்பில் மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

ஆகாயத்தாமரை பார்க்கத்தான் பூ. கீழே வேர் கொத்துக் கொத்தாகத் தொங்கும், சேறும் நாற்றமும் சேர்ந்து ஒரு கட்டு ஒரு ஆள் கனம் கனக்கும். அரிவாளால் அறுத்துக் கொக்கி போட்டுக் கரைக்குத் தள்ள வேண்டும். இரண்டு முறை கால் வழுக்கி முங்கினேன். மூக்கில் ஏறிய தண்ணீரின் சோப்பு ருசியை வைத்து அந்த பிளாட்டுக்காரர்களை நான் திட்டிய திட்டில், அதுவரை பேசாமல் இருந்த ஆண்கள் சிரித்துவிட்டார்கள். துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்களும் படித்துறையிலிருந்து சிரித்தார்கள். சிரிப்பு வந்த பிறகு கொஞ்சம் சுலபமானது.

சாயங்காலம் கையெல்லாம் அரிப்பெடுத்துத் தடித்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர்த் தெருக்களில் மீன் விற்கிற அக்கா ஒருவர் எங்கள் கரைக்குத் தினமும் ஸ்கூட்டரில் வருவார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வருகிறவர்களை நம்பித்தான் அவர் வியாபாரம். புரட்டாசியில் பெருமாள் கோயில்காரர்கள் மீனை விட்டுவிட்டால் அவர் முகம் வாடிப்போகும். அவர் என் கையைப் பிடித்துப் பார்த்தார். "வெளக்கெண்ணெயத் தேச்சுட்டு எறங்கணும்ட்டி. ஒரு ஆம்பளையும் சொல்லலியா?" என்றார். சொல்லவில்லை. ஒருவேளை அரிப்பில் நானே நின்றுவிடுவேன் என்று நினைத்திருக்கலாம். மறுநாள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு போனேன்.

நாங்கள் மட்டும் அறுத்துத் தீராது என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிட்டது. வயல்காரர்களிடம் டிராக்டர் கேட்க வேண்டும். அவர்களுக்கும் எங்களுக்கும் வருஷா வருஷம் சண்டை. நெல்லுக்கு மடையைத் திற என்பார்கள் அவர்கள். மீனுக்குத் தண்ணீரை வை என்போம் நாங்கள். மடை வாய் முழுக்க ஆகாயத்தாமரை அடைத்துக் கிடப்பதைச் செல்போனில் படமெடுத்து அவர்களுடைய வாட்ஸப் குழுவுக்கே அனுப்பும்படி கொழுந்தனிடம் சொன்னேன். அன்று மத்தியானமே டிராக்டர் வந்தது. பாசத்தில் வரவில்லை, அவர்கள் வயலுக்கும் தண்ணீர் போகாதே. ஆனாலும் டிராக்டர் ஓட்டி வந்தவர் தூக்குச்சட்டியில் கொண்டுவந்த புளியோதரையை எல்லாருக்கும் கொடுத்தார்.

இப்படியே கார்த்திகை போயிற்று. மீன்குஞ்சு விட்டோம். அதற்குப் பிறகு நீர்க்காகம் விரட்டுகிற முறை. என் முறைக்கு நான் போனேன். வலைக் கிழிசலைத் தைக்கிற வேலை வந்தபோது மட்டும் கொஞ்சம் கர்வப்பட்டேன், ஊசி என் கையில் அவர்களைவிட வேகமாக ஓடியது. ஒரு நாள்கூடத் தவறவில்லை. தவறினால் ஒருவர் வாயிலிருந்து "பாவம், பொம்பளை" என்று வரும், அந்த ஒரு சொல்லில் எங்கள் வீடு வெளியே போய்விடும் என்ற பயம் எனக்கு எப்போதும் இருந்தது. காய்ச்சலில் போன நாளும் உண்டு.

பங்குனியில் முதல் வலை. வருஷத்தின் முதல் கூறு அன்றைக்குத்தான். அன்று யாருக்குக் கூறு விழுகிறதோ அவர்கள்தான் அந்த வருஷத்து வீடுகள். விடிவதற்குள் கரையில் வியாபாரிகளின் வண்டிகள் நின்றன. வ. புதுப்பட்டியிலிருந்துகூட ஐஸ் பெட்டியோடு வந்திருந்தார்கள். என் வீட்டுக்காரரும் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்துக் கம்பை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டார்.

இழுவலையின் ஒரு கைக்கயிற்றை மற்றவர்களோடு சேர்ந்து நானும் இழுத்தேன். வலையின் அடி கரையைத் தொட்டபோது மீன் துள்ளிய சத்தத்தில் பேசுவது கேட்கவில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பெருமீனைச் சங்கத்து வண்டிக்கு ஏற்றினோம். நான் முகம் கழுவப் படித்துறைக்குப் போய் வருவதற்குள் அண்ணாச்சி தார்ப்பாயில் கூறு வைத்து முடித்திருந்தார். கொழுந்தன் மலையைப் பார்த்து நின்றான்.

"இது யாருக்கு?"

அவன் ஒரு பேர் சொன்னான். அந்த வீட்டுக்காரர் கூடையில் அள்ளிக்கொண்டார். அடுத்தது. அதற்கடுத்தது. நான் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்கள் வீடு இன்னும் வரவில்லை. கடைசிக் கூறு வரைக்கும் வரவில்லை. அதற்கு அவன் தன் பேரைச் சொன்னான். அண்ணாச்சி கையைத் தட்டிவிட்டு எழுந்தார். தார்ப்பாயில் செதிலும் ஈரமும்தான் மிச்சம்.

கொழுந்தன் திரும்பவில்லை. "கேளுங்க அண்ணாச்சி" என்றான்.

"எதைக் கேக்க? முடிஞ்சு போச்சுல்லா."

"இன்னும் ஒரு வீடு இருக்கு. கேளுங்க."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். பிறகு டியூப் வரிசையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பத்து டியூப்தான் கிடந்தது. என் உடம்பெல்லாம் எரிந்தது. வேண்டுமென்றே யாரோ எடுத்து ஒளித்துவிட்டார்கள், இத்தனை மாசமும் இதற்குத்தான் பேசாமல் இருந்தார்கள் என்று நினைத்தேன். "எங்க என் டியூபு? எவன் எடுத்தான்?" என்று கத்தினேன். 

வேலிக்கருவை நிழலிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஏட்டி... இங்க இருக்கு."

என் வீட்டுக்காரர் அதன்மேல் உட்கார்ந்திருந்தார். காலை மடக்கித் தரையில் உட்கார முடியவில்லை என்று, வரிசையில் கிடந்த எங்கள் டியூபை உருட்டிப்போய் நிழலில் போட்டு, ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறார் மனுஷர். அவர் முகத்தைப் பார்த்தால் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை.

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சிரித்துக்கொண்டே ஒருவர் தன் கூடையிலிருந்து ஒரு கை மீனை அள்ளி என் முன்னால் தார்ப்பாயில் போட்டார். உடனே அடுத்தவர். "இதுக்கு என்னம்மா, எல்லாரும் ஆளுக்கொரு கை போடுவோம்" என்றார் அண்ணாச்சி. குவியல் வளர்ந்தது. ஒருவர் தனக்கு விழுந்த விராலையே தூக்கிப் போட்டார். எந்த வீட்டுக் கூறும் அந்தக் குவியலுக்குக் கிட்ட வராது. "அள்ளிக்கிடு, அள்ளிக்கிடு" என்றார்கள்.

எனக்கு அழுகை வந்தது. நல்ல மனசோடு கொடுக்கிறவர்களிடம் கோபப்படுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது.

"எனக்கு இது வேண்டாம் அண்ணாச்சி. எல்லாத்தையும் கலைங்க. மறுபடி கூறு வையுங்க."

"கலைக்கவா? இந்தக் கரையில வச்ச கூறைக் கலைச்சது கெடையாதும்மா."

"வேலை செஞ்ச வீட்டுக்குக் கூறு இல்லாமப் போனது மட்டும் உண்டா?"

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வியாபாரிகள் ஹாரன் அடித்தார்கள். "இதுல அதிகமா இருக்கேட்டி, எடுத்துக்கிடு" என்றார் வீட்டுக்காரர் நிழலிலிருந்து. "நீங்க பேசாதீக" என்றேன். மீன்கார அக்காகூட, "கலைச்சு வைக்குறதுக்குள்ள கருவாடாயிரும்" என்றார்.

"அள்ளிக் குடுத்தா இன்னைக்குக் கொழம்பு. நாளைக்கு வலைக்கு நான் வந்து நின்னா, நீ யாருன்னு கேப்பீக. நான் கேக்குறது எங்க வீட்டுக் கூறு. அது சின்னதா இருந்தாலும் சரி, அதுல வெறும் முள்ளு இருந்தாலும் சரி. கலைங்க" என்றேன். குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அண்ணாச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏலே, நீ திரும்புலே. போதும்" என்று கொழுந்தனைப் பார்த்துச் சொன்னார். அவன் திரும்பினால் கூறு முடிந்ததாகிவிடும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்த வருஷம் விட்டுவிடுங்கள் என்று என் வாசலில் வந்து சொன்னவன் அவன்தான்.

"பதினோரு வீடு அண்ணாச்சி. நான் பத்துதான் சொல்லிருக்கேன்" என்றான் மலையைப் பார்த்தபடியே. சட்டை முதுகோடு ஒட்டி வியர்வை வழிந்தது. அவன் திரும்பவில்லை.

 பிறகு விராலைத் தூக்கிப் போட்டவர் தன் கூடையைத் தூக்கித் தார்ப்பாயில் கவிழ்த்தார். அடுத்தவர் முணுமுணுத்துக்கொண்டே கவிழ்த்தார். ஒவ்வொரு கூடையாகக் கவிழ்ந்தது. மீன்கார அக்கா ஒரு வாளியில் தண்ணீர் மொண்டு வந்து, "சீக்கிரம் வையுங்கய்யா" என்று மீன் மேல் தெளிக்கத் தொடங்கினார். வீட்டுக்காரர் கம்பை ஊன்றிக்கொண்டு நொண்டி நொண்டி வந்து, டியூபை உருட்டி வரிசையின் கடைசியில் கிடத்தினார். அது உருண்டு விழாமல் இருக்க ஒரு கல்லையும் அண்டக் கொடுத்தார்.

அண்ணாச்சி டியூப் வரிசையைப் பார்த்தார். இந்தத் தடவை விரலை நீட்டி ஒவ்வொன்றாக எண்ணினார். பதினோரு கூறு வைத்தார். அவசரத்தில் வைத்தாலும் கை நேர்மையாகவே வைத்தது.

"இது யாருக்கு?"

ஒரு பேர். இன்னொரு பேர். ஐந்தாவதோ ஆறாவதோ, அண்ணாச்சி கை வைத்தது ஒரு சின்னக் கூறின் மேல். ஜிலேபி, கொஞ்சம் கெளுத்தி. விரால் இல்லை.

"இது யாருக்கு?"

கொழுந்தன் தோளை நிமிர்த்திக்கொண்டான். "அண்ணனுக்கு" என்று வரும் என்று நான் கூடையோடு குனிந்தேன்.

"மதினிக்கு" என்றான்.